மாமா எழுதிய பேஸ்போல் கழக வரலாறு

பேஸ்போல் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. அப்படியிருந்தும் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்போல் கழகம் ஒன்றின் முழு வரலாறும் இலண்டனின் டூட்டிங்கில், எங்கள் குசினி மேசையில் வைத்து, நல்ல தமிழில் எழுதப்பட்டது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எழுதியவர் என் மாமா. அந்தக் கழகத்தின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு இன்னும் இரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கழகத்துக்கு நாங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர்களுடைய தொப்பியில் ஒரு கொக்கு நின்றது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் தொடக்கிவைத்தவர் எங்கள் வகுப்பு ஆசிரியை. ஒரு வருடத்துக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளம்பெண். ஆளுக்கொரு தொழில்முறை விளையாட்டுக் கழகத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லி, கழகங்களின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார். மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் கால்பந்துக் கழகங்கள் வந்தன. அவர்கள் தகப்பன்மாரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், வரலாறு தானாகக் கொட்டும். எனக்கு வந்தது கொக்கு. ஆசிரியை கையைத் தட்டிச் சிரித்தார். அது அவருடைய ஊர்க் கழகமாம். ஒரு ஆசைக்காக அந்த ஒரு சீட்டையும் சேர்த்துப் போட்டாராம். ஆக, இலண்டன் முழுவதிலும் அந்தக் கழகத்தைப் பற்றித் தெரிந்த ஒரே மனுசி எனக்குப் புள்ளி போடப்போகும் மனுசியாகவே அமைந்துவிட்டார்.

மிகச் சிறந்த வரலாற்றைப் பெற்றோர் வரும் நாளன்று மண்டபச் சுவரில் ஒட்டுவார்கள். எனக்கு அந்தச் சுவரில் இடம் வேண்டும். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் ஏறிய என் ஒரே படைப்பு காகிதத் தட்டில் செய்த ஒரு தேவதை. அதுவும் ஒரு கிழமையில் இறக்கை கழன்று விழுந்துவிட்டது.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா குழாய் வேலை செய்பவர். ஒல்லாந்தில் பல வருடம் இருந்துவிட்டு இலண்டன் வந்தவர். அவர் உலகத்தில் ஒரே ஒரு விளையாட்டுத்தான் உண்டு, அது கால்பந்து. சீட்டை மாற்றித் தரச்சொல்லிக் கேள் என்றார். அம்மா இது கிரிக்கெட்டுக்கு என்ன முறை என்று கேட்டார். வரவேற்பறைச் செற்றியில் சாய்ந்திருந்த மாமா மட்டும் எழும்பி உட்கார்ந்தார். கழகமா, வரலாறா என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. அதற்கு முந்திய வருடம்தான் வந்திருந்தார். இந்த நாட்டில் இருக்கலாமா கூடாதா என்று குரோய்டனில் இருக்கும் பெரிய குடிவரவுக் கந்தோரில் அவருடைய வழக்கை யோசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை அவர் வேலைக்குப் போகக்கூடாது. குறித்த நாட்களில் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். சிலர் கையெழுத்துப் போடப் போனால் திரும்பி வருவதில்லையாம். ஆகவே மாமா குரோய்டனுக்குப் போகும் நாளில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை எங்கள் வீட்டில் மச்சச் சமையல் இல்லை, தொலைக்காட்சி இல்லை, சத்தம் போட்டுப் பேச்சும் இல்லை. அவர் வந்த பிறகுதான் அம்மா மீனையே வெளியில் எடுப்பார். எனக்குக் குரோய்டன்காரர் மீது அந்த வயதில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு காலம் யோசிக்கிறவர்கள் படிப்பிலும் மந்தமாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

வேலை செய்யக்கூடாது என்று சொன்னவர்கள் விழா மலர் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இலண்டனில் எங்கள் ஆட்களுக்கு ஊருக்கொரு சங்கம், பள்ளிக்கூடத்துக்கொரு பழைய மாணவர் சங்கம், கழகத்துக்கொரு கழகம் உண்டு. ஒவ்வொன்றும் வருடத்துக்கொரு முறை மண்டபம் எடுத்து விழா வைக்கும். விழா என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் முதல் பக்கத்தில் வரலாறு வேண்டும். மாமா ஊரில் விளையாட்டுக் கழகச் செயலாளராக இருந்தவர். வந்து இறங்கிய ஒரு வருடத்துக்குள் அவர் கால் வைத்தேயிராத ஊர்களுக்கெல்லாம் வரலாறு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஊர்க்காரர்களே வாசித்துவிட்டு, எங்கள் ஊர் இவ்வளவு சிறப்பானதா என்று கேட்டார்களாம்.

அந்தக் கிழமை அவருக்கும் ஒரு வரலாறு தேவைப்பட்டது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது பிறந்த நாளிலிருந்து இலண்டனுக்கு வந்தது வரை, எங்கே இருந்தார், என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதி ஆங்கிலத்தில் கொண்டுவரும்படி அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஒரு இடம் பிழைத்தாலும் முழுவதையும் பொய் என்று தள்ளிவிடுவார்கள், பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் எச்சரித்திருந்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்றால் நான்தான். காஸ்காரன் கடிதம், கவுன்சில் படிவம், பல் வைத்தியரோடு சண்டை எல்லாம் ஏழு வயதிலிருந்து என் பொறுப்பு. எங்கள் தெருவில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இதுதான் முறை. பிள்ளைகள் நாங்கள் பள்ளி முற்றத்தில் நின்று படிவங்களைப் பற்றிப் பேசிக்கொள்வோம். ஆகவே மாமா ஒரு பேரம் பேசினார்.

"நீ எனக்கு இங்கிலீசில எழுதித் தா, நான் உனக்குத் தமிழில எழுதித் தாறன். ரெண்டும் வரலாறுதானே."

அடுத்த நாளே என்னை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அமெரிக்கக் கழகங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எங்கள் கழகத்துக்கு அதில் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன். மாமா கொப்பியில் குறித்தார். கிழக்குக் கரையில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் தொழிற்சாலை ஆட்கள் சிலர் தொடங்கிய கழகம். அங்கிருந்த சதுப்பில் கொக்குகள் நின்றபடியால் கொக்குச் சின்னம். ஒரு முறை பெரிய கிண்ணம் ஒன்றை வென்றது. பிறகு உலகப் போர் வந்தது. போர் முடிந்ததும் சொந்தக்காரர் கழகத்தை உள்நாட்டில் வேறொரு பட்டினத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பல காலம் ஆடியது. பிறகு இன்னொரு சொந்தக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் மாமா பேனாவை வைத்துவிட்டார். ஒரு கழகம் எப்படி ஊரை விட்டுப் போகும் என்று கேட்டார். அவருடைய அறிவில் கழகம் என்றால் ஊரின் சொத்து. ஊர் போகாமல் கழகம் போகாது. ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லையா, கொக்கு மாறவில்லையா, பழைய கிண்ணம் யாருடைய கணக்கில் சேரும் என்று அடுக்கிக் கேட்டார். நான் புத்தகத்தைப் பார்த்து, எல்லாம் ஒரே கழகம்தான், கிண்ணமும் அவர்களுடையதுதான் என்றேன். போன மேற்குக் கரைப் பட்டினத்தில் கொக்கே இல்லையாம், ஆனாலும் தொப்பியில் கொக்கு நிற்கிறதாம் என்றும் சொன்னேன். மாமாவுக்கு அது நிரம்பப் பிடித்துவிட்டது. அதன் பிறகு அவர் அந்தக் கழகத்தைத் தன் கழகம் போலத்தான் பேசினார்.

விளையாட்டு எப்படி என்று தெரியவேண்டாமா? புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தடியால் பந்தை அடித்துவிட்டு ஒருவன் ஓடுகிறான். மாமா பார்த்த உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"உது எங்கட எல்லே. வெள்ளைக்காரன் களவெடுத்துக்கொண்டு போய்ப் பேரை மாத்திப்போட்டான்."

எல்லே என்பது ஊரில் மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடும் விளையாட்டு. ஓடுகிறவன் மீது பந்தை எறிந்து பட்டால் ஆள் அவுட். மாமா பூங்காவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் அதைச் செய்து காட்டினார். மூங்கிலுக்கு எங்கே போவது? அப்பாவின் வான் வண்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கொண்டோம். மாமா அடித்த முதல் அடியில் பந்து நாய் கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு மேலால் போய் மறைந்தது. ஊரில் சாரம் கட்டிக்கொண்டு ஓடுவது போலவே காற்சட்டையோடும் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் ஓடும்போது என் முதுகில் பந்தால் எறிந்து அவுட் ஆக்கினார். அந்தக் குழாய் அன்றைக்குப் பின்னேரம் சவுத்தாலில் ஒரு வீட்டுக் குளியலறைக்குப் போகவேண்டிய குழாய். அப்பா அந்த வீட்டில் போய் நின்று வானைத் தலைகீழாகத் தேடினாராம். அன்றைக்கு எனக்கும் மாமாவுக்கும் சேர்த்துத்தான் ஏச்சு விழுந்தது.

மூன்று பின்னேரங்கள் இருந்து மாமா வரலாற்றை எழுதினார். முதல் வசனமே ஒரு பக்கம். "நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமையப்பெற்றதும், கடலன்னை தாலாட்டக் கல்வியிலும் வாணிபத்திலும் தலைநிமிர்ந்து நிற்பதுமாகிய" என்று தொடங்கி அந்தத் துறைமுகப் பட்டினத்தை அவர் வர்ணித்த வர்ணனையில் தொழிற்சாலைப் புகை முழுவதும் காணாமல் போய்விட்டது. பிறகு ஸ்தாபகத் தலைவர் வந்தார். அவர் கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் இளைஞர்களைச் சேர்த்தார். பிறகு காசு கொடுத்துத் தாங்கிய போசகர் வந்தார். பிறகு மைதானத்துக்குக் காணி கொடுத்தவர் வந்தார். குடையும் காணியும் புத்தகத்தில் இல்லையே மாமா என்று நான் கேட்டேன்.

"காணி இல்லாமல் எங்க விளையாடினவங்கள், ஆகாயத்திலயோ? ஆரோ ஒருத்தர் குடுத்திருப்பார்தானே. பேர் தெரியாட்டி, பெருமனம் படைத்த பிரமுகர் ஒருவர் எண்டு போடு."

பெரிய சிக்கல் போர்க்காலத்தில் வந்தது. அந்த வருடங்களில் ஆட்டம் நடக்கவில்லை என்று புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான். அதற்குப் பிறகு நேரே ஊர் மாறிய கதை. நான் அந்த வரியை அப்படியே எழுதுவோம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. மலர் எழுதுகிறவர்களின் இரகசியம் ஒன்றை அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

"வரலாறு எண்டால் இடையில வெளி விடக்கூடாது, பிள்ளை. வெளி விட்டால் வாசிக்கிறவன் தன்ர கதையை அதுக்குள்ள போட்டிடுவான்."

ஆகவே அவர் வெளியை நிரப்பினார். ஆட்டக்காரர்கள் போருக்குப் போன காலத்தில் ஊர்ப் பெண்கள் மைதானத்தில் புல் வெட்டினார்கள். முதியவர்கள் கிழமைக்கொரு முறை கூடித் தேநீர் அருந்திக் கூட்டக் குறிப்பு எழுதினார்கள். செயலாளர் கிண்ணத்தைத் தன் கட்டிலுக்குக் கீழே சாக்கில் சுற்றி வைத்துப் பாதுகாத்தார். கடைசியில், அமரத்துவம் அடைந்த ஆட்டக்காரர்களுக்குக் கறுப்புக் கோடு போட்ட பெட்டிக்குள் கண்ணீர் அஞ்சலி. கழகம் மென்மேலும் வளர எல்லாம் வல்ல இறைவனுக்கு ஒரு பிரார்த்தனை. நான் ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். நீர்வளத்தையும் விடவில்லை, நிலவளத்தையும் விடவில்லை.

ஆசிரியை அதை மதிய இடைவேளையில் வாசித்தார். கதவுக்கு வெளியே நின்ற எனக்கு அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வகுப்பு ஆசிரியையையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சுவர் போய்விட்டது என்று முடிவு செய்து, நான் மாமாவை மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே கூப்பிட்டார். குடைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, காணிக்குப் பக்கத்தில் ஒன்று, கட்டிலுக்குக் கீழே இருந்த கிண்ணத்துக்கு இரண்டு. ஆனால் அவருடைய விரல் வேறொரு வரியில் நின்றது. ஓடுகிறவன் மீது பந்தை எறிந்து அவுட் ஆக்குவது பற்றி, எல்லேயை நினைத்து மாமா எழுதியிருந்த வரி. மிகப் பழைய காலத்தில், பேஸ்போல் சரியாகப் பேஸ்போல் ஆகுமுன்னர், அப்படித்தான் ஆடினார்களாம். அமெரிக்காவிலேயே பலருக்கு அது தெரியாதாம். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். என் மாமா அப்படித்தான் ஆடுவார் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

என் வரலாறு சுவரில் ஏறியது. எந்தப் பகுதி புத்தகத்திலிருந்து வந்தது, எந்தப் பகுதி மாமாவிலிருந்து வந்தது என்று கீழே ஒரு குறிப்பு மட்டும் எழுதச் சொன்னார். மாமாவின் பகுதி நீளமாக இருந்தது. பெற்றோர் வரும் நாளில் அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார்.

மாமா அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதன் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அம்மாவும் அப்பாவும் என் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கவலைப்பட வந்தவர்கள்; அதற்கு நேரமே கிடைக்கவில்லை. மாமாவும் ஆசிரியையும் சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். நடுவில் நான் நின்று மொழிபெயர்த்தேன். கழகம் உங்கள் ஊரை விட்டு மேற்குக் கரைக்குப் போனபோது உங்களுக்கு எத்தனை வயது என்று மாமா கேட்கச் சொன்னார். ஆறு என்றார் ஆசிரியை. சாமான் ஏற்றிய லொறிகளைப் பார்க்க அவருடைய அப்பப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அந்த மனிதர் வானொலியில் அந்தக் கழகத்தின் பெயர் வந்தால் மூடிவிடுவாராம். ஆனால் தொப்பியை மட்டும் சாகும்வரை கழற்றவில்லையாம். மாமா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். மைதானம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அதைக் கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள் என்று அவர் சொன்னார்.

மாமா என் பக்கம் திரும்பினார்.

"எங்கட மைதானத்தில இப்ப ஆமிக் காம்ப் எண்டு சொல்லு."

எனக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சந்தோசமான நாளில் எதற்கு இது என்றும் தோன்றியது. ஆகவே, எங்கள் மைதானத்திலும் இப்போது வாகனங்கள்தான் நிற்கின்றன என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காகப் பெரியவர்கள் இப்படி உருகுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. பேரத்தில் என் பங்கு இன்னும் மிச்சம் இருந்தது. மாமா தன் வரலாற்றைத் தமிழில் எழுதிய கொப்பியைத் தந்தார். அடுத்த புதன்கிழமை வழக்கறிஞரிடம் போகவேண்டும். நான் பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். எனக்குப் பெரிய ஏமாற்றம். அதில் நீர்வளமும் இல்லை, நிலவளமும் இல்லை. பிறந்த ஊர். படித்த பள்ளி. கழகச் செயலாளர். சைக்கிள் கடையில் வேலை. பிறகு, "இரண்டு வருடம்" என்று மட்டும் எழுதி, அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார். அதற்குக் கீழே கொழும்பு, விமானம், இலண்டன். கண்ணால் காணாத ஒரு பிரமுகருக்கு ஒரு பக்கம் எழுதிய மனுசன் தனக்கு அரைப் பக்கம் எழுதவில்லை. எனக்காக மூன்று பின்னேரங்களைச் செலவழித்ததில் அவருக்கு நேரம் போதாமல் போய்விட்டது என்று நான் நினைத்தேன். குற்ற உணர்ச்சியாக இருந்தது. அந்த அரைப் பக்கத்தை நானே நிரப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எப்படி நிரப்புவதென்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா என்னைக் குசினியில் நிற்கவைத்து, எழுதியதை வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிழை இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு வேறு வழி இல்லை. அப்பா தேத்தண்ணியோடு இருந்தார். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். பிறந்த ஊர் சரி. பள்ளி சரி. கடை சரி. மாமா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றார். நான் குரலை உயர்த்தி இரண்டு வருடங்களுக்கு வந்தேன்.

அந்த இரண்டு வருடங்களும் மாமா ஒரு தொழில்முறை எல்லேக் கழகத்தில் ஆடினார். கழகம் ஊர் ஊராக இடம் மாறியது. போகும் இடமெல்லாம் மாமா கிண்ணத்தைத் தோள்பையில் கொண்டுபோனார். பெருமனம் படைத்த பிரமுகர் ஒருவர் அவர்களுக்குத் தங்க இடமும் மூன்று நேரச் சோறும் கறியும் கொடுத்தார். இரவில் நன்றாக நித்திரை கொண்டார்கள். மாமா அடித்த பந்தைப் பார்த்துச் சனங்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

அம்மாவின் கத்தி நின்றுவிட்டது. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மேசையில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். அந்த மூன்று நேரச் சோற்றை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், நான் வாசித்தேன், இன்னும் சிரித்தார். சாரத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்துகொண்டேயிருந்தது. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் எழுத்து ஆசிரியையைத்தான் சிரிக்க வைத்தது என்று பார்த்தால் மாமாவை அழும்வரை சிரிக்க வைத்துவிட்டது.

"அருமையா எழுதியிருக்கிறாய். ஆனா இதைக் குடுக்கேலாது, பிள்ளை."

"நீங்கள்தானே மாமா, வெளி விடக்கூடாது எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம். நான்தான் சொன்னனான்," என்றார் மாமா. தாளை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தத் தாள் இன்னும் அவரிடம் இருக்கிறது. குரோய்டன்காரர் அடுத்த வருடம் யோசித்து முடித்தார்கள். இருக்கலாம் என்று கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொன்னவளும் நான்தான். இன்றைக்கு மாமாவுக்கு மிச்சம் என்னும் பக்கத்து ஊரில் ஒரு வீடும், சொல்வழி கேளாத இரண்டு பையன்களும் இருக்கிறார்கள். மலர்களுக்கு இன்னும் வரலாறு எழுதுகிறார். எல்லா ஊரிலும் நீர்வளம் குறையாமல் இருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பிறகு நடந்தது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மாமா அப்பாவைப் பார்த்து, "அத்தான், நீங்கள் எழுதுறீங்களோ?" என்று கேட்டார். அப்பா எழும்பிக் கணினி இருந்த அறைக்குப் போனார். மாமா பின்னால் போனார். கதவு சாத்தப்பட்டது. எங்கள் வீட்டில் பகலில் கதவு சாத்தும் வழக்கமே இல்லை. அம்மா என் கையில் பந்தைத் தந்து, வெளியில் போய் விளையாடு, நான் கூப்பிடும்வரை வராதே என்றார்.

நான் பின்வளவில் நின்று பந்தைச் சுவரில் எறிந்தேன். அறையின் யன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. அப்பா இரண்டு விரலால் தட்டும் சத்தம் கேட்டது. மாமாவின் குரல் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. இரண்டு தட்டு, பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னும் இரண்டு தட்டு. இருட்டத் தொடங்கும்வரை அப்படியே போனது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த அரைப் பக்கத்தை நான் பத்து நிமிடத்தில் எழுதியிருந்தேன். அப்பாவுக்கோ ஆங்கிலத்தில் வரிக்கு மூன்று பிழை வரும். ஒரு பிழைக்கும் இடம் வைக்கக்கூடாது என்று வழக்கறிஞர் சொன்ன ஒரு கடிதத்தை, வீட்டில் பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆளை வெளியே அனுப்பிவிட்டு, பிழையோடு எழுதுகிறவரைக் கொண்டு ஏன் எழுதுவிக்கிறார்கள் என்று நினைத்து நினைத்து, பந்தை இன்னும் பலமாகச் சுவரில் எறிந்தேன்.